மைக்கம்மாவின் வாய்

அமைச்சரின் மனைவிக்கு நேரில் மேடம் என்றும் முதுகுக்குப் பின்னால் மைக்கம்மா என்றும் இரண்டு பெயர். இரண்டாவதுதான் அவளுக்குப் பிடிக்கும். "பின்னாடி எதுக்குச் சொல்றீங்க, முன்னாடி வந்தே சொல்லுங்க. நான் சம்பாதிச்ச பேருய்யா அது, புருஷன் வாங்கிக் கொடுத்ததில்லை" என்று ஒரு பொதுக்கூட்டத்தில் அவளே சொன்னாள். கூட்டம் கைதட்டி ஓய வெகுநேரம் ஆயிற்று. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அமைச்சரும் கைதட்டினார். அவர் எதற்கெல்லாம் கைதட்டினார், ஏன் தட்டினார் என்று யோசிக்க அவளுக்குப் பிற்பாடு நிறைய அவகாசம் கிடைத்தது.

சம்பாதித்த பெயர் என்பது உண்மைதான். கல்யாணத்துக்கு முன்னால் அவள் பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். மாடிப்படிக்கு அடியில் ஒரு கண்ணாடிக் கூண்டு, கழுத்தை மட்டும் ஆட்டும் ஒரு மின்விசிறி, ஒரு மைக். எந்த வண்டி எந்த மேடையிலிருந்து கிளம்பும் என்று வாசிக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. அதோடு நிறுத்த அவளால் ஆகவில்லை. "ஆறாவது மேடை டிரைவர் அண்ணே, டீ குடிச்சு முடிச்சாச்சுன்னா வண்டியை எடுக்கலாம், குழந்தைங்க அழுவுது" என்பாள். "கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் வரும் வரும்னு மேலாளர் மாசக்கணக்கா சொல்றார், பயணிகள் அவர் ரூமுக்கே போய் ஞாபகப்படுத்தவும்" என்பாள். மேலாளர் மெமோ கொடுத்தார். மெமோ வந்த விஷயத்தையும் அவள் மைக்கில் அறிவித்தாள்.

அமைச்சர் அப்போது கண்டக்டர். தொழிற்சங்கத்தில் கிடுகிடுவென்று வளர்ந்துகொண்டிருந்த ஆள். ஒரு நாள் பணிமனை வாசலில் அவர் பேச, வண்டியெல்லாம் அப்படியே நிற்க, இவள் கூண்டுக்குள்ளிருந்து, "சங்கத்துக்காரர் பேசி முடிச்சாதான் பஸ் போகும், பஸ் போனாதான் ஜனங்க வீடு போய்ச் சேரும். அவருக்கு வீடு இருக்கான்னு யாராவது கேட்டுச் சொல்லுங்க" என்றாள். அவர் சண்டை போடத்தான் கூண்டுக்கு வந்தார். வந்தவர் சிரித்துவிட்டார். "இந்த வாயை வெளியில விட்டா எதிர்க்கட்சிக்காரன் கொத்திக்கிட்டுப் போயிடுவான், அதான் கட்டிக்கிட்டேன்" என்று பின்னாளில் மேடைக்கு மேடை சொல்லிச் சிரிக்க வைப்பார். மனிதர் விளையாட்டுக்குச் சொல்வதாகவே எல்லோரும் நினைத்தார்கள், அவள் உட்பட.

கண்டக்டர் சட்டமன்ற உறுப்பினர் ஆனார், பொதுப்பணித் துறை அமைச்சரும் ஆனார். இவள் வாய் மட்டும் பேருந்து நிலையத்திலேயே இருந்தது. "எங்க வீட்டுக்காரர் போட்ட ரோட்டுல நானே வழுக்கி விழுந்தேன், ஒப்பந்தக்காரர் எங்க இருந்தாலும் என் முட்டியை வந்து பார்க்கவும்" என்று பத்திரிகைக்காரர்களிடம் சொன்னாள். கட்சித் தலைவர் கொட்டாவி விட்டதைச் சொன்னாள். ஜனங்களுக்கு அவளைப் பிடித்துப்போனதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. வீட்டுக்குள்ளேயே இப்படி ஒரு வாய் இருக்கும்போது அந்த ஆள் எதைத் திருடி எங்கே ஒளிக்க முடியும் என்று டீக்கடையில் நியாயம் பேசினார்கள். கட்சிக்குச் சம்பளம் வாங்கும் செய்தித் தொடர்பாளர்கள் இருந்தார்கள். கோட்டும் கண்ணாடியுமாக அவர்கள் சொன்னதை ஒரு பயல் நம்பவில்லை. மைக்கம்மா வாய் தவறி உளறியதை நாடே நம்பியது.

அவளுக்கென்று ஒரு கொள்கை இருந்தது. அரசியல் குடும்பத்தில் பல வருஷம் குப்பை கொட்டியவர்களுக்கு மட்டுமே வரக்கூடிய கொள்கை அது. முகத்துக்கு நேரே சொல்வதெல்லாம் பொய், கதவுக்குப் பின்னால் பேசுவதுதான் நிஜம். "எதிர்ல உட்கார்ந்து ஒருத்தன் உண்மை சொல்றான்னா அவன் அரசியலுக்கே லாயக்கில்லை" என்பாள். அமைச்சர் வீட்டில் ஆட்களைச் சந்திக்கும் அறைக்கும் சமையலறைக்கும் நடுவே, டீத்தட்டு நீட்டுவதற்காக, சுவரில் ஒரு சின்னக் கதவு இருந்தது. அதன் தாழ்ப்பாள் என்றோ கெட்டுப்போய், எவ்வளவு இழுத்துச் சாத்தினாலும் ஒரு விரல்கடை இடுக்கு நிற்கும். அந்த இடுக்குத்தான் அவளுக்குப் பத்திரிகை, வானொலி, எல்லாம். அடுப்பைச் சிறிதாக்கிவிட்டுக் கையில் ஒரு துணியோடு அங்கே நிற்பாள். யாராவது வந்தால் அடுப்பு மேடையைத் துடைப்பாள். அந்த வீட்டில் அந்த ஒரு மூலை மட்டும் எப்போதும் பளபளவென்று இருக்கும்.

இடுக்கில் கேட்டதை மறுநாளே போட்டு உடைத்துவிடுவாள். எந்த மந்திரி போகப் போகிறார், எந்தப் பாலத்தை எதிர்க்கட்சிக்காரன் தடுக்கிறான், எல்லாம். அவள் சொன்னது ஒன்றும் பொய்த்ததில்லை. அவர் கோபப்படுவார், தலையில் அடித்துக்கொள்வார், "உன்னை வெச்சுக்கிட்டு நான் எப்படிப் பிழைக்கிறது" என்று கத்துவார். அந்தக் கத்தல் அவளுக்குப் பதக்கம் குத்திவிட்ட மாதிரி இருக்கும்.

இனி தம்பி. அம்மா செத்தபோது அவன் பால்பல் விழாத பயல். கண்ணாடிக் கூண்டுச் சம்பளத்தில் அவள்தான் அவனை வளர்த்தாள், படிக்க வைத்தாள், கட்டடப் பொறியாளர் ஆக்கினாள். அவனும் பொதுப்பணித் துறையிலேயே வேலைக்கு வந்தான், அமைச்சர் அமைச்சராவதற்கு வெகு முன்பே, பரீட்சை எழுதி. அக்காவுக்கு இருந்த வாயில் கால்வாசி அவனுக்கு இல்லை. எதைச் சொல்ல வந்தாலும் "அது வந்து, அக்கா" என்று ஆரம்பித்து, நாக்கு நுனிக்கு விஷயம் வந்து சேரக் கொஞ்சம் நேரம் எடுக்கும். அந்தக் கொஞ்ச நேரத்தை அவள் அவனுக்குக் கொடுத்ததே இல்லை. அவன் என்ன சொல்ல வருகிறான் என்று அவளே சொல்லி, அவளே பதிலும் சொல்லி முடித்துவிடுவாள். பாசம்தான், சந்தேகமில்லை. அவனுக்காக உயிரையும் கொடுப்பாள், ஒரு வாக்கியத்தை முடிக்க மட்டும் விடமாட்டாள்.

அமைச்சரின் ஊரிலிருந்த அரசு மருத்துவமனைக்குப் புறநோயாளிகளுக்கென்று புதுக் கட்டடம் கட்டினார்கள். முன்பக்கம் நோயாளிகள் வரிசையில் நிற்பதற்கு அகலமான ஒரு முகப்பு, மேலே கான்கிரீட் தளம். கட்டியது கட்சிக்கு வேண்டப்பட்ட ஒப்பந்தக்காரர், மேற்பார்வை தம்பி. தேர்தல் நெருங்கிவிட்டது. தலைவர் வந்து ரிப்பன் வெட்டத் தேதி குறித்துவிட்டார்கள்.

விழாவுக்குக் கொஞ்ச நாள் முன்னால் சாயங்காலம், அமைச்சர் தன் உதவியாளரோடு அறையில் உட்கார்ந்திருந்தார். நிழல்போலக் கூடவே திரியும், குரல் உயர்த்தாத மனிதர் அந்த உதவியாளர். மைக்கம்மா துணியோடு இடுக்கில் நின்றாள்.

"முகப்புக்கு அடியில ஏதோ கட்டை கட்டையா நிக்குதாமே?" என்றார் அமைச்சர்.

"ஆமா சார். வேலை முடிஞ்சு மிச்சம் போன கட்டைங்க. உங்க மச்சினர்தான் எடுக்க விடமாட்டேங்கிறார். ஏதோ வீம்பு."

"தலைவர் ரிப்பன் வெட்டும்போது டிவியில கட்டைதான்யா தெரியும். வேற ஒருத்தனா இருந்தா இந்நேரம் தூக்கி அடிச்சிருப்பேன். சரி, விழா முடியட்டும், மாற்றல் ஆர்டரைப் போட்டுடு. ஏதாவது எல்லையோரமா, பஸ் போகாத இடமா பாரு. இவ காதுக்குப் போயிடப் போகுது, குதிப்பா."

அவள் காதுக்குப் போயிற்று. அன்று சாப்பாட்டில் முகம் கொடுத்துப் பேசவில்லை. மறுநாள் விடிந்ததும் தம்பிக்கு ஃபோன் போட்டாள். தினமும் பேசுகிறவள்தான்; அன்றைக்கு எடுத்த எடுப்பிலேயே பிடித்தாள்.

"ஏன்டா, உனக்கு மூளை கீளை இருக்கா? ஆஸ்பத்திரி வாசல்ல கட்டையைப் பிடுங்க மாட்டேன்னு சொன்னியாமே?"

"அது வந்து, அக்கா..."

"வரவும் வேணாம், போகவும் வேணாம். பிடுங்கிப் போடு."

"அது வந்து, அந்தத் தளம் இன்னும்..."

"தளமாவது குளமாவது! மாமா உன்னை எங்கேயோ கண்காணாத இடத்துக்குத் தூக்கப் பார்க்கிறார்டா, தெரியுமா உனக்கு? உன் பொண்டாட்டியையும் பொண்ணையும் கூட்டிக்கிட்டு அங்க போய் என்ன செய்வே? போயும் போயும் கட்டைக்காகவா வீம்பு பிடிப்பாங்க?"

"அக்கா, அது சும்மா நிக்கலை..."

"நான் சொல்றேன்ல? எனக்காக எடு. இதுவரைக்கும் நான் உங்கிட்ட ஏதாவது கேட்டிருக்கேனா?"

மறுமுனையில் அவன் மூச்சு விடுவது கேட்டது. அப்புறம், "சரி, அக்கா" என்றான். தம்பியின் வேலையைக் காப்பாற்றிவிட்ட நிம்மதியில் அவள் அன்றைக்கு இரண்டு டீ குடித்தாள்.

விழா ஜோராக நடந்தது. முகப்பு கண்ணை உறுத்தாமல் காலியாக இருந்தது. தலைவர் ரிப்பன் வெட்டினார். மைக்கம்மா மேடையில், "கட்டடம் கட்டின கொத்தனாருக்கு யாருமே நன்றி சொல்லலையே, நான் சொல்றேன்" என்று சொல்லிக் கைதட்டு வாங்கினாள். கூட்டத்தின் ஓரத்தில் தம்பி நின்றான். அவன் மேடையைப் பார்க்கவில்லை, அண்ணாந்து தளத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். "பாரேன், தன் வேலையைத் தானே ரசிக்கிறான்" என்று பக்கத்தில் இருந்தவரிடம் அவள் பெருமையாகச் சொன்னாள்.

அடுத்த வாரம் ஒரு காலையில் தளம் இறங்கியது. வரிசையில் நின்றவர்கள் மேல். வெயில் கடுமையாக இருந்ததால் வழக்கத்தைவிட நெருக்கியடித்து எல்லோரும் நிழலுக்குள் நின்றிருந்தார்கள். காய்ச்சலென்று பிள்ளையைத் தூக்கி வந்தவர்கள், சர்க்கரைக்கு மாத்திரை வாங்க வந்தவர்கள், துணைக்கு வந்தவர்கள். மருத்துவமனை வாசலிலேயே செத்தார்கள், உள்ளே கொண்டுபோவதற்குக்கூட வழி அடைத்துக்கொண்டது.

அவள் தம்பிக்கு ஃபோன் போட்டாள், எடுக்கவில்லை. இடிபாட்டில் நிற்பான், பாவம் என்று நினைத்தாள். அன்று சாயங்காலம் அறைக்குள் அமைச்சரும் உதவியாளரும் மட்டும். குரல் தணிந்துதான் இருந்தது, ஆனால் அந்த மூலைக்குத் தெளிவாக வந்தது.

"முட்டுக் கொடுத்திருந்ததை எடுத்துட்டாங்கய்யா" என்றார் அமைச்சர். " தளம் இறுகறதுக்கு முன்னாடி, அடியில தாங்கிக்கிட்டிருந்த முட்டுக்கழியை எல்லாம் உருவிட்டாங்க. ஒப்பந்தக்காரன் அதையே அடுத்த இடத்துக்குக் கொண்டுபோய் நட்டிருக்கான். சைட்டுல ஒருத்தன் கை நீட்டி வாங்கிட்டு விட்டிருக்கான்."

"யாரு சார்?"

"பேரு இப்ப வேணாம். போலீஸ் பார்த்துக்கும். ஒரு வேளை மூடி மறைக்க வேண்டி வந்தாலும் வரும். கட்சிக்குக் கெட்ட பேரு. மேடம் காதுக்குப் போகாம பாரு."

அங்கே அவள் ஒரு நிமிஷம் நின்றிருக்கலாம். அடியில் நின்ற கழிகள் என்ன, தான் பிடுங்கச் சொன்ன கட்டைகள் என்ன என்று ஒன்றோடொன்றைப் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கலாம். அவள் காதில் விழுந்தது ஒன்றே ஒன்றுதான்: மூடி மறைக்கப் போகிறார்கள். அந்த வார்த்தையைக் கேட்டால் அவளுக்குக் கண்மண் தெரியாது. செருப்பைக்கூட மாட்டாமல் காரில் ஏறினாள்.

பிணவறை வாசலில் கேமராக்கள் ஏற்கெனவே இருந்தன. அழுகிறவர்களுக்கு நடுவில் போய் நின்றாள்.

"முட்டுக்கழியை எடுத்திருக்கானுங்க! தளத்தைத் தாங்கினதை உருவிட்டானுங்க! எடுத்தவனும் கொலைகாரன், எடுக்கச் சொன்னவனும் கொலைகாரன். ரெண்டு பேரையும் தூக்குல போடணும். மூடி மறைக்க விடமாட்டேன். அவன் என் கூடப்பிறந்தவனா இருந்தாலும் சரி, நானே சட்டையைப் பிடிச்சு இழுத்துட்டு வந்து நிறுத்துவேன்!"

பேச்சுக்குச் சொன்னதுதான். நாம் எல்லோரும் சொல்வதுதான். பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு பெண் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்களாவது கேட்டீங்களே" என்று கதறினாள். இவளும் கதறினாள். அந்தக் காட்சியை எல்லாத் தொலைக்காட்சியும் விடாமல் காட்டின.

மறுநாள் காலையில் தம்பியைக் கைது செய்தார்கள்.

அவள் வீட்டையே இரண்டாக்கினாள். அமைச்சர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நான் என்ன செய்யட்டும்? நீயே நாடறியச் சொல்லிட்டே, கூடப்பிறந்தவனா இருந்தாலும்னு. இப்ப நான் கையை நீட்டித் தடுத்தா என்னைத்தானே காறித் துப்புவாங்க" என்றார். பேச்சில் குற்றம் கண்டுபிடிக்க முடியவில்லை. அவள் சிறைக்குப் போனாள்.

கம்பி வலைக்கு அந்தப் பக்கம் தம்பி உட்கார்ந்திருந்தான். சவரம் செய்யாத முகம். இவள் பேச வாயெடுத்தாள், அழுகைதான் வந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக அவனுக்கு நேரம் கிடைத்தது.

"அது வந்து, அக்கா. கலவையிலேயே சிமெண்ட் கம்மி. எழுதி அனுப்பினேன், மேல யாரும் கண்டுக்கலை. அதனாலதான் முட்டுக்கழியை இன்னும் ரொம்ப நாள் வைக்கணும்னு நின்னேன். நீ சொன்ன கட்டை அதுதான்."

அவள் விரல்களைக் கம்பி வலைக்குள் நுழைத்துக்கொண்டாள்.

"விழா முடிஞ்ச கையோட திரும்ப வெச்சுடலாம்னு நினைச்சேன். ஒப்பந்தக்காரர் ராத்திரியோட ராத்திரியா கழியை ஏத்திக்கிட்டுப் போயிட்டார். தினம் போய்க் கேட்டேன். யாரும் அடியில நிக்கக் கூடாதுன்னு கயிறு கட்டினேன். நான் அந்தப் பக்கம் போனதும் அவிழ்த்துட்டாங்க. நோயாளிங்க வெயில்ல நிக்கிறாங்களாம்."

"என் பேரைச் சொல்லுடா. அக்கா சொன்னா, அதான் எடுத்தேன்னு சொல்லு. ஏன் இன்னும் சொல்லாம இருக்கே?"

அவன் குனிந்துகொண்டான். "அது வந்து... நீ டிவியில பேசினதைப் பார்த்தேன். எடுக்கச் சொன்னவங்களையும் தூக்குல போடணும்னு நீதானே சொன்னே."

காவலர் வந்து நேரமாயிற்று என்றார். அவள் எழுந்திருக்கவில்லை. தூக்கித்தான் விட்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும் நேரே அறைக்குள் போய் அமைச்சரின் எதிரில் நின்றாள். "நீங்க சொல்லித்தான் நான் அவனுக்கு ஃபோன் பண்ணினேன். இதை ஊரைக் கூட்டிச் சொல்லப் போறேன்."

"நான் சொன்னேனா?" அவர் உண்மையாகவே புரியாதவர்போலப் பார்த்தார். "எப்பச் சொன்னேன்? உன் தம்பியைப் பத்தி நான் உங்கிட்ட ஒரு வார்த்தை பேசியிருக்கேனா, யோசிச்சுப் பாரு."

அவள் யோசித்தாள். பேசியிருக்கவில்லை.

"முட்டுக்கழியைப் பத்தியாவது உங்கிட்டச் சொன்னேனா? பிணவறைக்குப் போன்னு சொன்னேனா? நீயாப் போனே, நீயாப் பேசினே." அவர் எழுந்து வந்து அவள் தோளைத் தொட்டார். குரலில் கோபமே இல்லை, அதுதான் கொடுமை. கெட்டிக்காரப் பையனுக்குக் கணக்குச் சொல்லித் தருகிற வாத்தியாரைப்போலப் பேசினார். "இத்தனை வருஷமா அந்தக் கதவோட தாழ்ப்பாள் ஏன் சரியாகலைன்னு ஒரு நாளாவது கேட்டியா? தச்சர் எத்தனை தடவை வந்தார், இருக்கட்டும்னு திருப்பி அனுப்பினது யாரு? உங்கிட்ட நேர்ல சொன்னா நம்பமாட்டே. இடுக்குல விழுந்தா நம்புவே. நீ நம்பினா ஊரே நம்பும். எனக்கு வேற என்ன வேணும்?"

பிறகு அவரே போய் அந்தச் சின்னக் கதவைச் சாத்தினார். அது சத்தமில்லாமல், இடுக்கே இல்லாமல் மூடிக்கொண்டது. தச்சர் முந்தின நாளே வந்து போயிருந்தார்.

எத்தனையோ பேரைப் பற்றி அவள் போட்டு உடைத்த அத்தனை ரகசியமும் அவர் அளந்து ஊற்றியவை. யார் யார் வேலை போயிற்று, யார் யார் பெயர் நாறிற்று என்று அவளுக்கு ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. தான் மனசில் பட்டதைப் பேசுகிறவள் என்று நினைத்திருந்தாள். அவள் மனசில் எது பட வேண்டும் என்பதை வேறொருவர் முடிவு செய்திருக்கிறார். அன்று அவள் சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்து வயிற்றில் அடித்துக்கொண்டு அழுதாள்.

ஆனாலும் விடவில்லை. பத்திரிகைக்காரர்களை வீட்டு வாசலுக்கே வரவழைத்தாள். முட்டுக்கழியை எடுக்கச் சொன்னது நான்தான், என் தம்பி மறுத்தான், நான்தான் வற்புறுத்தினேன், என்னைப் பிடியுங்கள் என்றாள். காலம் காலமாக அவளோடு சிரித்துப் பேசிய கிழட்டு நிருபர் ஒருவர் முன்னால் நின்றார்.

"அமைச்சர் உங்களைச் சொல்லச் சொன்னாரா, மேடம்?"

ஆமாம் என்று ஒரு பொய் சொல்லியிருந்தால் போதும். அந்தச் சனியன் பிடித்த வாய்க்குப் பொய் வரவில்லை. "இல்லை. எங்கிட்ட அவர் சொல்லலை. உதவியாளர்கிட்டப் பேசிக்கிட்டிருந்தார், நான் கதவு இடுக்குல கேட்டேன்."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். சிரிப்பு முன்வரிசைக்கும் வந்தது. மைக்கம்மா என்றால் சிரிக்க வேண்டும் என்பது அவர்களுக்குப் பழகிப்போயிருந்தது.

"தம்பிகிட்ட ஃபோன்ல பேசினதுக்கு ஏதாவது ஆதாரம்?"

"தினமும்தான் பேசுவேன். என்ன ஆதாரம் வேணும்? நான் சொல்றேனே!"

"போய்க் கொஞ்சம் ஓய்வெடுங்க, மேடம்" என்றார் கிழட்டு நிருபர். அவர் கண்ணில் உண்மையான இரக்கம் இருந்தது. அதைப் பார்த்தபோதுதான் இனி யாரும் நம்பப் போவதில்லை என்று அவளுக்குப் பிடிபட்டது.

சாயங்காலம் அமைச்சர் தொலைக்காட்சியில் வந்தார். கண் கலங்கியிருந்தது. "அம்மா இல்லாத பையனை மகனா வளர்த்தவங்க. பழியைத் தன் தலையில போட்டுக்கிட்டாவது அவனைக் காப்பாத்தப் பார்க்கிறாங்க. தூக்கமே இல்லை. பத்திரிகை நண்பர்கள் அவங்களைத் தொந்தரவு பண்ண வேணாம்னு கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கிறேன்" என்றார். கும்பிட்டார். தார்மீகப் பொறுப்பேற்றுப் பதவி விலகுவதாகவும் சொன்னார். மச்சினன் என்று பார்க்காமல் சட்டத்தின் கையில் ஒப்படைத்த மனிதர் என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். தேர்தலில் முன்னைவிடக் கூடுதல் ஓட்டில் ஜெயித்து, முன்னைவிடப் பெரிய துறைக்கு மந்திரியானார்.

வழக்கு நடந்தது. தம்பிக்கு வக்கீல் வைத்தது அமைச்சர்தான், செலவெல்லாம் அவருடையது. வக்கீல் தம்பியிடம் ஒரே ஒரு விஷயத்தைத் திருப்பித் திருப்பிச் சொன்னார்: அக்கா ஃபோன் செய்தாள் என்று வாயைத் திறந்தால் அக்காவும் உள்ளே வருவாள், உனக்குக் கிடைப்பதுதான் அவளுக்கும், உன் பெண்டாட்டி பிள்ளையைப் பார்க்க வெளியில் ஒருவரும் இருக்கமாட்டார்கள். அதில் பொய் எதுவும் இல்லை.

நீதிமன்றத்தில் முதலில் பிணவறை வாசல் காட்சியைப் போட்டுக் காட்டினார்கள். அவளுடைய குரல் அந்த அறை முழுவதும் கேட்டது. அவன் என் கூடப்பிறந்தவனா இருந்தாலும் சரி. குரல் கணீரென்று இருந்தது. பேருந்து நிலையத்தில் எழுத்துப் பிசகாமல் பழகிய குரல்.

நீதிபதி தம்பியைப் பார்த்தார். "உங்க அக்கா சொல்லித்தான் எடுத்தீங்கன்னு அவங்க மனு கொடுத்திருக்காங்க. அவங்க உங்களுக்கு ஃபோன் பண்ணினாங்களா?"

மைக்கம்மா பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அது வந்து என்று இழுப்பான், யோசிப்பான், கடைசியில் உண்மையைச் சொல்லிவிடுவான் என்று காத்திருந்தாள்.

"தினமும் பண்ணுவாங்க ஐயா. வீட்டு விஷயம்தான் பேசுவோம். முட்டுக்கழியைப் பத்தி அவங்க பேசவே இல்லை. அவங்களுக்கு அதெல்லாம் தெரியாது. நானாத்தான் எடுத்தேன்" என்றான் தம்பி. இழுக்காமல், தடுமாறாமல், ஒரே மூச்சில் சொன்னான்.

"பொய்! பொய் சொல்றான்!" என்று அவள் எழுந்து கத்தினாள். "நான்தான் சொன்னேன்! அவனைப் பேச விடாம நான்தான் சொன்னேன்!" அந்தம்மாவை வெளியே உட்கார வையுங்கள் என்றார் நீதிபதி. பெண் காவலர் அவளைத் தோளோடு அணைத்து, ஒரு நோயாளியை நடத்துவதுபோல நடத்திக்கொண்டுபோய் நடைவழியில் கிடந்த பெஞ்சில் உட்கார வைத்தார். கூடவே எழுந்து வந்த அமைச்சர் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார். படம் எடுத்தார்கள்.

ஆயுள் தண்டனை. கதவு திறந்தது, தம்பியைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். அவள் கையை உதறிக்கொண்டு ஓடிப்போய் அவன் சட்டையைப் பிடித்தாள். காவலர்கள் பெரிய மனது பண்ணி ஒரு நிமிஷம் நின்றார்கள். அவன் அவள் முகத்தைப் பார்த்தான். உதடு அசைந்தது.

"அது வந்து, அக்கா..."

"ஏன்டா பொய் சொன்னே? ஏன்டா? உனக்கு மூளை கீளை இருக்கா? நான் சொன்னேன்னு சொல்ல வேண்டியதுதானே? உன் பொண்டாட்டிக்கு நான் என்னடா பதில் சொல்வேன்? என்னைப் பார்த்தா உனக்கு..."

"நேரமாச்சும்மா" என்றார் காவலர். அவள் பிடியிலிருந்து சட்டையை மெதுவாக விடுவித்து, அவனைப் படியிறக்கிக் கொண்டுபோனார்கள். அவன் ஒருமுறை திரும்பிப் பார்த்தான், அப்புறம் வண்டியில் ஏறினான்.

அதற்குப் பிறகு பார்க்க வருகிறவர்கள் யாரையும் அவன் சந்திக்க ஒப்பவில்லை. அவள் மாதந்தோறும் போகிறாள். வாசலில் உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்புகிறாள். அங்கே அவள் யாரிடமும் பேசுவதில்லை. நீதிமன்ற நடைவழியில் அவன் என்ன சொல்ல வாயெடுத்தான் என்பது அவளுக்கு இன்றுவரை தெரியாது.